மினுக்கும் சிவப்பு

"பதியவே இல்லை" என்றாள் கைடி.
செத்த எலியை வாலைப் பிடித்து வைப்பதுபோல
மேசைமேல் வைத்தாள்
கையடக்க ரெக்கார்டரை.
அதன் ரப்பர் உறையில் புகைபோட்ட மீனின் வாடை.

தார்த்து பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
இங்கே வருகிற எந்தக் கருவியும்
தானாகக் கெட்டதாகத்தான் வரும்.

"விளக்கு எரிந்ததா?"
"எரிந்தது. சிவப்பு."
"நின்று எரிந்ததா, மினுக்கியதா?"
அவள் பார்த்த பார்வையில்
அந்தக் கேள்வியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மரியாதைக்கு மற்றதையெல்லாம் பார்த்தேன்.
பேட்டரி: குளிரில் மூர்ச்சையாகி, என் அடுப்புச் சூட்டில் எழுந்துவிட்டது.
கார்டு: பூட்டுகிற சிறு நாக்கு திறந்தே இருக்கிறது,
இடமும் மிச்சம், பதினோரு மணி நேரம்.
மைக்கின் முனை ஒரு நூல் வெளியே;
ஒரு காதுதான் செவிடாகும் அதனால், இரண்டும் அல்ல.

நான் திருகிக்கொண்டிருக்க அவள் சொன்னாள்:
பெய்ப்சி ஏரி, மைனஸ் பதினாறு.
லாரி டியூபைச் சக்கரமாக்கித்
தானே பற்றவைத்த வண்டியில்
சாவ்வா என்கிற மீன்காரன் நடு ஏரிவரை கொண்டுபோனானாம்.
காலடியில் பனிக்கட்டி விரியும் ஓசை வேண்டும்.
பொம்மலாட்ட அரங்கில்
மரநரி ஒன்று ஏரியில் மூழ்குகிறது,
ஒன்பது நாளில் முதல் காட்சி.
"பதினேழு முறை விரிந்தது" என்றாள்,
"பதினேழு முறையும் அழுத்தினேன்."

கார்டைக் கணினியில் செருகினேன்.
பதினேழு கோப்புகள்.

முதலாவதில் பனிமேல் பூட்ஸ்.
அடுத்ததில் வண்டி எஞ்சின், நாற்பது நிமிடம்.
இன்னொன்றில் பிளாஸ்க் மூடி,
சாவ்வா ருஷ்ய மொழியில், "கிடைச்சுதா?"
அவள், "கிடைச்சுது, கிடைச்சுது."
கோட்டுப்பையின் உள்துணி மூச்சுவிடும் சத்தம்
மணிக்கணக்கில்.

இப்போது சொல்லியே ஆகவேண்டும்.
முதல் அழுத்தல் இதற்குப் பதிவு அல்ல, காத்திருப்பு;
சிவப்பு மினுக்கும், அளவுமுள் ஆடும்,
ஹெட்போனில் எல்லாம் கேட்கும்,
நொடிக்கணக்கு மட்டும் சுழியத்திலேயே நிற்கும்.
இரண்டாவது அழுத்தலில்தான் எழுதத் தொடங்கும்.
அவள் நிறுத்தியபோதெல்லாம் அது தொடங்கியது,
தொடங்கியபோதெல்லாம் நின்றது.
ஒரு படி தவறி ஏறியவள்
கடைசிவரை தவறியே ஏறியிருக்கிறாள்.

கைடி கையுறையைக் கழற்றினாள்.
மறுபடி போட்டுக்கொண்டாள்.
"நேற்றிலிருந்து ஏரிக்குத் தடை" என்றாள்,
"எல்லைக் காவல் யாரையும் இறங்க விடுவதில்லை."

ஆறுதல் என் தொழில் இல்லை.
மூன்றாவது கோப்பை மூடப் போனவன்
அதன் தலையைத் தவறுதலாக இன்னொரு முறை ஓட்டினேன்.

பூட்ஸுக்கு முன்னால் ஏதோ இருந்தது.
ஒலியைக் கூட்டினேன்.
எங்கோ அடியில் ஒரு நீளக் கம்பியைச் சுண்டிவிட்டதுபோல
ஒரு விறைத்த பாட்டம்,
தேய்ந்து, வளைந்து, கரைக்கு ஓடி...
பிறகு பொத்தானின் 'டிக்'.

அமைப்புகளைத் திறந்தேன்.
'முன்பதிவு: இரண்டு நொடி.'
அழுத்துவதற்கு முந்திய இரண்டு நொடியை
எப்போதும் கையில் வைத்துக்கொண்டே இருக்கும் குணம்.
"நீங்களா இதைப் போட்டீர்கள்?"
"நான் எதையும் தொடவில்லை. பழசு வாங்கினேன்,
வில்யாந்தியில் யாரோ பறவைக்காரரிடம்."

பறவை கூவியபிறகே விரல் போகும் என்று
தெரிந்திருந்தவர் போல.

பதினேழு தலைகளையும் வெட்டி வரிசைப்படுத்தினேன்.
பதினேழு வால்கள்.
முழுதாக ஒன்றும் இல்லை,
விரிசலின் தொடக்கம் எதிலுமே இல்லை.
அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.
ஒன்பதாவதை மறுபடி, பதினான்காவதை மறுபடி.

"உங்கள் நரி மூழ்க எவ்வளவு நேரம்?"
விரலால் மேசையில் தாளம் போட்டுப் பார்த்தாள்.
"அது பாதி மூழ்கியிருக்கும்போதே
திரை மேலே போகலாம்" என்றாள் மெல்ல,
என்னிடம் அல்ல.

எட்டு யூரோ வாங்கினேன்.
"பழுது என்ன என்று எழுதுவீர்கள்?"
ரசீதில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
வாசலில் நின்று ஒருமுறை அழுத்தினாள்,
மினுக்கியது;
இன்னொருமுறை அழுத்தினாள்.
எண்கள் ஓடுவதைப் பார்த்தபடியே
கதவைத் திறந்து போனாள்.
நிறுத்தினாளா, தெரியாது.